சோணைமுத்துவின் மூக்கு

சிவகாசிப் பக்கம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த சோணைமுத்துவுக்குத் தொப்பை முன்னால் போகும், அவர் பின்னால் வருவார். ஐம்பதுகளின் கடைசியில் நான் அவருக்குக் கீழே அம்மை குத்துகிற வேலை பார்த்தேன். எங்களைக் கண்டாலே ஊர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடும். வரி கேட்டு வருகிறவனுக்குக்கூட மோர் கிடைத்தது. எங்களுக்கு நாய்தான் வரவேற்பு.

பெரியம்மை கண்ட வீட்டை யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், அவளை ஆபீசில் எழுதிவைக்க நீ யார் என்பார்கள். வாசலில் வேப்பிலையைப் பார்த்து நாங்கள் வந்துவிடுகிறோம் என்று அதையும் வீட்டுக்குள்ளேயே செருகிக்கொண்டார்கள். ஆனால் அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஆத்தாவுக்கு ஆகாது. அதனால் சோணைமுத்து உச்சிவேளையில் தெருத்தெருவாக மூக்கை நீட்டிக்கொண்டு நடப்பார். எந்த வீட்டில் தாளிப்பு வாசனை இல்லையோ அதற்குள் நுழைவார். பாதி வீடுகளில் நோயாளி இருப்பான். மீதி வீடுகளில் கூழ்ச்சட்டிதான் இருக்கும். வந்ததற்கு அங்கேயும் எல்லோருக்கும் குத்திவிட்டுக் கிளம்புவோம்.

இந்த ரகசியத்தை மனுஷன் வாயை மூடி வைத்திருக்கலாம். டீக்கடையில் வடைக்கு ஒரு தரம் சொன்னார். வடையும் கொஞ்சமாகத் தின்கிறவர் இல்லை. ஆமத்தூரிலிருந்து விஸ்வநத்தம் வரை அவர் மூக்கின் பெருமை பரவிவிட்டது.

தீபாவளி சீசன் நேரம். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி நல்லசிவத்தின் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கொல்லைக் கொட்டகையில் பெண்கள் கைப்பிள்ளைகளோடு உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த நேரத்தில் கடுகு வெடிக்கிற வாசனை தூக்கியடித்தது. சோணைமுத்துவுக்குப் பசி வந்துவிட்டது. ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று நேரே வாசலுக்குப் போனார். நல்லசிவம் குறுக்கே நின்றுகொண்டு, நாளைக்கு வாருங்கள், விருந்தே வைக்கிறேன் என்றார். வாசலுக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்புகிற வீடா அது? ஆத்தா இருக்கிற வீட்டில்தான் வெளியாளுக்கு இலை போட மாட்டார்கள்.

"இலை வேண்டாம் அண்ணாச்சி. எந்தக் கொளம்புக்குத் தாளிச்சீக, அதை மட்டும் சொல்லுங்க."

நல்லசிவத்துக்கு ஒரு குழம்பின் பேரும் வாயில் வரவில்லை.

அவரைத் தாண்டிக் கொல்லைக்குப் போனோம். மூலையில் வெள்ளைத்தாய் என்ற கூலிக்காரப் பெண், இடுப்பில் பிள்ளையோடு, குழம்பே இல்லாமல் கரண்டி எண்ணெயில் கடுகை மட்டும் பொரித்துக்கொண்டிருந்தாள். முதலாளி சொன்னார், செய்தாள். வீட்டுக்குள் முதலாளியின் மகன் உடம்பெல்லாம் அம்மை முத்தோடு கிடந்தான். விஷயம் தெரிந்தால் பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள், ஆர்டர் நின்றுபோகும். அதற்காக ஒன்றும் தெரியாத அவளை அந்த வீட்டுக்குள் எண்ணெய் எடுக்கப் பிள்ளையோடு போகவர விட்டிருக்கிறார். அவர் தயாரித்த வெடி ஒன்றிலேயே அவரைக் கட்டிவைக்கலாம் போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அங்கேயே எல்லோருக்கும் குத்தினேன். வெள்ளைத்தாயின் பிள்ளைக்கு அதுதான் முதல் தடவை. தப்புமா தப்பாதா என்று தெரிய ரெண்டு வாரம் ஆகும். தினமும் வந்து பார்க்கிறோம் என்றதும் அவள் சோணைமுத்துவின் காலில் விழுந்துவிட்டாள். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் தெரு அவளை ஒதுக்கிவிடும், ஒருத்தரும் வேலை தர மாட்டார்கள்.

சரி, நான் வரவில்லை, பிள்ளை முகத்தில் முத்துக் கண்டால் மட்டும் தாளிக்காதே, தெருவில் போகிறபோதே தெரிந்துகொள்கிறேன் என்றார்.

"எங்க வீட்டுல என்னைக்கு சாமி தாளிச்சோம்? எண்ணெய்க்கு எங்கன போக?"

எனக்கு நாங்கள் பார்த்த கூழ்ச்சட்டிகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. சோணைமுத்து கடைத்தெருவுக்குப் போய் ஒரு புட்டி எண்ணெயும் கடுகும் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

அதிலிருந்து தினமும் உச்சியில் வெள்ளைத்தாய் வீட்டுத் தெருமுனையில் நிற்போம். கடுகு வெடிக்கும். அவர் மூச்சு விடுவார், போவோம். ரெண்டு வாரம் முடியப்போகிற சமயத்தில் ஒரு நாள் வாசனை வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தெருவாவது ஒதுக்குவதாவது, குடிசைக்குள் தலையை விட்டுவிட்டார்.

பிள்ளை தரையில் உட்கார்ந்து காலிப் புட்டியை உருட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு பொட்டு இல்லை.

"எண்ணெய் தீந்துபோச்சு சாமி," என்றாள் வெள்ளைத்தாய்.

சோணைமுத்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு அவள் ஊற்றிய கூழைக் குடித்தார்.

ரிடையர் ஆகிறவரைக்கும் அவர் எல்லா வீட்டுக்குள்ளும் குனிந்து போய்க் கண்ணால்தான் பார்த்தார். டீக்கடையில் யாராவது மூக்கைப் பற்றிக் கேட்டால், சளி பிடித்திருக்கிறது என்பார்.