தொழுவத்து மாடத்தில் இருந்த மருந்து

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் தென்காசியில் சொந்த லாரி வாங்கி, கடையநல்லூர்த் துணிக்கட்டுகளை மதுரைக்கு ஏற்றிப் போனவர்களில் என்னை மிஞ்சியவன் கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஐம்பதுகளின் கடைசியில், என் தம்பிக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னபோது, "என்ன விலையானாலும் மருந்த வரவழைங்க" என்றேன்.

டாக்டர் விளக்கினார்: வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று உண்டு. அதிலுள்ள பொடிப்பொடி உயிரணுக்கள் இன்சுலின் என்ற புரதத்தை நூல்போலக் கோத்து, மடித்து, பொட்டலம் கட்டி வைத்திருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் வெளியே அனுப்பும். தறி, மடிப்பு, கட்டு, லாரி. எனக்கு உடனே பிடிபட்டது. தம்பிக்கு அந்தத் தறி நின்றுவிட்டது. மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைத் தினமும் ஊசியில் ஏற்ற வேண்டும், மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அம்மா கேட்டாள்: "மாட்டுக் கொடலா? அவன் ஒடம்புக்குள்ள போவட்டும்லே, பிள்ள பொழைக்கணும். ஆனா என் அடுப்படிக்குள்ள வரப்பிடாது."

வீட்டில் குளிர்ச்சி என்றால் தண்ணீர்ப்பானைக்கு அடியில் பரப்பிய ஈர மணல்தான். அது அடுப்படியில் இருந்தது. மருந்து தொழுவத்து மாடத்துக்குப் போனது. மேலே தகரக் கூரை. ஊசி போட்டதும் தம்பி அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டும்.

"எண்ணே, இப்பம் நான் சைவமா, அசைவமா?" என்று சிரிப்பான்.

"சும்மா கெடலே" என்பேன். கம்பவுண்டரைத் தேடாமல் ஊசி போட நானே படித்துக்கொண்டேன். ஒரு நாளும் வேளை தவறியதில்லை.

குற்றாலத்துச் சாரல் எங்கள் தெருவரை அடித்த மாதங்களில் ஒரு குறையும் இல்லை. தம்பி தேறி, லாரிச் செட்டுக்கு வந்து கட்டு எண்ணினான். பங்குனியில் தகரம் கொதித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். மெலிந்தான். மூச்சில் அழுகிய பழ வாடை அடித்தது. நான் ஊசியை நிறுத்தவில்லை. எழுப்ப முடியாமல் போன காலையில் என் லாரியிலேயே அவனைக் கிடத்தி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். தெளிவாக இருக்க வேண்டியதில் வெள்ளைத் திரி மிதந்தது.

"எங்கன வச்சிருந்தீய?"

சொன்னேன்.

"முட்டைய வேகவச்சா வெள்ளைக்கரு என்னாவும் அண்ணாச்சி? அதே கததான். சூட்டுல மடிப்புக் கலைஞ்சிட்டு. இத்தன நாளா நீங்க போட்டது மருந்தே இல்ல."

"நாங்க சைவம் டாக்டர். முட்டை வெந்து பாத்ததில்ல."

அவர் தன்னிடமிருந்த நல்ல மருந்தை ஏற்றிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் தம்பி போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுநாள், தொழுவத்தில் உடைக்காமல் மிச்சமிருந்த ஒரு புட்டியை அம்மா தன் கையாலேயே எடுத்து வந்தாள். அடுப்படியில், பானைக்கு அடியில், ஈர மணலில் பதித்து வைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொள்ளாமலே உலை வைக்கப் போனாள்.