கேட்டுக்கு வெளியே எட்டடி

நான் மில்லில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம். அதுவரை திண்டுக்கல்லில் ஒரே வாடகை வீட்டில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டோம். என் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எனக்கு ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்றிருந்தாள். ஒரே மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு பேருக்கு ஒரு வீடு, அவ்வளவுதான் தேவை. ஆனால் இரண்டு பேருக்கு வீடு பார்ப்பது இருநூறு பேருக்கு ஷிஃப்ட் போடுவதைவிடச் சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது.

தரகர் ஒட்டன்சத்திரத்துக்காரர். பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் காட்டி அலுத்துப்போய்க் கடைசியில் இரண்டில் வந்து நின்றார். முதலாவது, கரூர் ரோட்டில் புதிதாக மனை பிரித்துக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு படுக்கையறை, பளபளக்கும் தரை, புது பெயின்ட் வாசனை. முன்னால் ஒரு ஸ்கூட்டரும் இரண்டு தொட்டியும் வைக்கிற அளவுக்கு வாசல். பின்னால் துணி காயப்போட ஒரு முழ இடம். இரண்டாவது, செம்பட்டி போகும் ரோட்டில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, பதினான்கு சென்ட் இடத்தில் ஒரு பழைய வீடு. சுற்றி ஆளுயரக் காம்பவுண்டு. கிணறு ஒன்று, மா ஒன்று, முருங்கை ஒன்று, வேம்பு இரண்டு. அந்த வீட்டில் வயதான ஒரு அம்மா தனியாக இருந்தார். சென்னையில் இருக்கும் மகனிடம் போவதற்காக விற்கிறார். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஏனுங்க, ஒண்ணு உடம்புக்குச் சொகம், ஒண்ணு மனசுக்குச் சொகம். நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தரகர் டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் வளர்ந்தது ஒரே அறையில், ஏழு பேரில் ஒருவனாக. அதற்குப் பிறகு வாடகை வீடு. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே நூறு அடி நடக்க ஓர் இடம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வேம்படியில் நின்று பார்த்தால் சிறுமலை தெரிந்தது. அங்கேயே எனக்கு முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் இருந்து மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"யாரு கூட்டுறது?"

காற்றில் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. முதல் டவுன் பஸ்ஸில் தனியாகக் கிளம்பிப் போயிருக்கிறாள். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தாள், தலைமுடியில் ஒரு வேப்பிலைச் சருகோடு. அந்த அம்மா வாசல் கூட்டும் நேரத்துக்குப் போய், இன்னொரு விளக்குமாறு வாங்கி, அவருடன் சேர்ந்து முழு இடத்தையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ஒரு மணி நேரம் அஞ்சு நிமிஷம்" என்றாள். "அதுவும் ரெண்டு பேரா. இன்னும் பங்குனி வரல. பங்குனில வேம்பு கொட்ட ஆரம்பிச்சா கேக்கவே வேணாம்."

"ஆள் வெச்சுக்கிரலாம்ல?"

"ஆளு ரெண்டு நாள் வரும், மூணாம் நாள் வராது. வராத நாளு யாரு?"

தலையில் இருந்த சருகை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள். "பத்து வயசுல வெளக்கமாத்த எடுத்தேன். பாப்பாவப் பெத்த மாசம் தவிர ஒரு நாள் விட்டதில்ல. ரிட்டயர்டு ஆனா, காலைல அதத் தொடாம ஒரு காபி குடிக்கணும்னு இருந்தேன். பெரிய வீட்டுக்குப் போனா சாகுற வரைக்கும் குனிஞ்சே கெடக்கணும். எனக்கு முட்டி ஏலல."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் கூட்டுறேன்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டுவதைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவன். பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். கூட்டக் கூட்ட விழும். மிஷினுக்கு அடியில் ஒரு விரல் பஞ்சு கிடந்தால்கூடக் கூட்டுகிற பெண்களை நிற்கவைத்துக் கேட்பேன். "கண்ணு எங்க இருக்கு?" என்பது என் வழக்கமான கேள்வி. என் வீட்டு வாசலோ, காலையில் மில் பஸ்ஸுக்கு நான் ஓடும்போது எப்போதும் கூட்டித் தெளித்து ஈரமாக இருக்கும். செருப்பில் மண் ஒட்டுகிறதே என்று நான் முனகியதுண்டு.

அந்த வாரம்தான் விபூதிப் புதன் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை நாங்கள் தபசு காலம் என்போம். வருடா வருடம் நான் அந்த நாற்பது நாளும் கறி சாப்பிடுவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மனைவி சொன்னாள்:

"இந்தத் தடவ கறிய விட வேணாம். வெளக்கமாத்த எடுங்க. தபசு முடியிற வரைக்கும் இப்ப இருக்கிற வீட்டு வாசலக் கூட்டிக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா பெரிய வீட்டையே வாங்கிருவோம். இல்லையா, சின்ன வீடு. அதுக்கப்புறம் நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது, நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பெரிய வீட்டு அம்மாவிடம் ஈஸ்டர் வரை அவகாசம் கேட்டோம். சரி என்றார்.

எங்கள் வாடகை வீட்டில் கேட்டுக்கு உள்ளே பதினைந்து அடி வாசல். கேட்டுக்கு வெளியே சாக்கடை வரைக்கும் ஓர் எட்டடி. கேட் தகரம் அடித்தது. மூடினால் உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியாது. மறுநாள் ஐந்தரை மணிக்கு எழுந்து கேட்டை மூடிவிட்டு உள்ளே இருந்த பதினைந்து அடியையும் கூட்டினேன். முதல் நாள் புழுதி முழுக்க என் மூக்கில்தான் இருந்தது. விளக்குமாற்றைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இரண்டாவது வாரத்தில் கை பழகிவிட்டது. மூலையில் இருந்து ஆரம்பித்துப் பின்னாலேயே வந்து முடித்தால் காலடி விழாது என்று நானே ஒரு முறை கண்டுபிடித்து மனைவியிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஐம்பது வருடமாகக் கூட்டுகிறவளிடம்!

ஒரு நாள்கூட விடவில்லை. காய்ச்சல் வந்த இரண்டு நாளும் விடவில்லை. குருத்து ஞாயிறு அன்று பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"இன்னும் ஒரு வாரந்தான். அந்தம்மாட்ட அட்வான்ஸ் குடுத்திருவோமா?"

அவள் ஓலையைச் சிலுவைப் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நாளைக்கு ஒரு நாள் கேட்டுக்கு வெளிய கூட்டுங்க. அது போதும். செவ்வாய்க்கெழமை குடுத்திருவோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் கேட்டைத் திறந்து கூட்டியதே இல்லை. வெளியே எட்டடி எப்படிச் சுத்தமாக இருந்தது என்று யோசிக்கவும் இல்லை. நான் உள்ளே வந்து முகம் கழுவும்போது அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறாள், ஐந்து வாரத்துக்கும் மேலாக, ஒரு வார்த்தை பேசாமல். கேட்டிருந்தால் தெரு முனிசிபாலிட்டியைச் சேர்ந்தது என்று சொல்லியிருப்பேன். உண்மை அது இல்லை. நான் விளக்குமாறு பிடிப்பதைத் தெரு பார்க்கக் கூடாது. பெரிய வீட்டின் ஆளுயரக் காம்பவுண்டு எனக்கு ஏன் அம்புட்டுப் பிடித்திருந்தது என்பதும் அதில் இருக்கிறது.

எட்டடி என்ன பெரிய எட்டடி என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மில் பஸ் எங்கள் தெரு வழியாக ஐந்தே முக்காலுக்கு வரும். முப்பது வருடம் ஏறிய பஸ். அதற்கு முன் முடித்துவிடலாம் என்று ஐந்தே காலுக்கே எழுந்தேன். கேட்டைத் திறந்தேன். தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. குனிந்து நாலு இழுப்பு இழுத்திருப்பேன், பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸின் இடது பக்க ஜன்னல்களில் வழக்கம்போலக் கூட்டுகிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, "சார், நல்லாருக்கீங்களா?" என்று கை காட்டினாள். அதில் கேலி எதுவும் இல்லை. இன்று நினைத்தாலும் இல்லை என்றே சொல்வேன். ஆனால் என் கை தானாக விளக்குமாற்றைக் காம்பவுண்டு ஓரம் போட்டுவிட்டது. சாக்கடையில் எதையோ பார்க்கிறவன் மாதிரிக் குனிந்து நின்றேன். பஸ் போனது. நான் உள்ளே வந்து கேட்டைச் சாத்தினேன்.

அவள் நடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டி வெளியே போனாள். எட்டடியில் மீதியைக் கூட்டும் சத்தம் கேட்டது. அன்று மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பெரிய வீட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"எங்களுக்குத் தோதுப்படலம்மா. நீங்க வேற ஆளப் பாருங்க."

பேச்சு மாறவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. வைகாசியில் சின்ன வீட்டுக்குக் குடிவந்தோம். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். வீட்டில் ஒரு குறையும் இல்லை. கதவு நன்றாகச் சாத்தியது, குழாயில் தண்ணீர் வந்தது. நான் கேட்டுக்கு உள்ளே நாலு நிமிஷம் கூட்டினேன். அவள் வெளியே ஐந்து நிமிஷம் கூட்டினாள். அவள் கேட்டது சின்ன வீடு, கிடைத்துவிட்டது; எனக்குத்தான் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு சுகமும் இருந்தது.

ஆடி மாதம் பஸ் ஸ்டாண்டில் பெரிய வீட்டு அம்மாவைப் பார்த்தேன். வீட்டை விற்றாகிவிட்டது, மகன் கூட்டிப்போக வந்திருக்கிறான் என்றார். கடைசியாகச் செம்பட்டியில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறாராம்.

"டீச்சர் நல்லாருக்கா தம்பி? அது மொகமே எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. அஞ்சு தடவ வந்துச்சு."

"அஞ்சு தடவையா? கூட்டிப் பாக்கவா?"

"கூட்டுனது ஒரு தடவ. மத்த நாலு தடவ சும்மாதான் வந்துச்சு. வேம்படியில ஒக்காந்திருக்கும். இங்கன பாய் விரிச்சா சாயங்காலம் இருவது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கலாம்னு காலடி வெச்சு அளந்து பாத்துச்சு. அதுக்கு அம்புட்டு ஆச." பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் திரும்பிச் சொன்னார். "உங்களுக்குத் தூரம்னு வேணாம்னுட்டீங்களாமே. டீச்சர்தான் பெறகு சொன்னுச்சு. பரவால்ல தம்பி, வயசானா ஊருக்குள்ள இருக்கிறதுதான் நல்லது."

பஸ் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அவள் கேட்டது சின்ன வீட்டை அல்ல. என்னை நம்பி அந்தப் பெரிய வீட்டுக்குப் போகலாமா என்றுதான் நாற்பது நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை வெளியில் ஒருவரிடமும் சொல்லாமல், தூரம் என்று மாற்றிச் சொல்லி, என் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. விளக்குமாற்றோடு பஸ் முன்னால் நின்றபோது வந்த வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, நன்றாக விடிந்த பிறகு, கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தெருவைக் கூட்டினேன். புது வரிசை, எல்லா வீடும் எதிரும் புதிருமாக இருக்கும், மறைவு கிடையாது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "உங்களுக்குத் தண்ணி வந்துச்சா சார்?" என்று கேட்டார். வந்தது என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மனைவி விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு வெளியே வந்தவள், என்னைப் பார்த்ததும் நின்றாள். உள்ளே போய் ஒரு டம்ளர் காபியோடு வந்தாள். எனக்கு என்று நினைத்தேன். அவளே படியில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள்.

"நல்லாத்தான் கூட்டுறீங்க" என்றாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "வேம்பு இருந்துச்சுன்னா இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள்.

நான் நிமிரவில்லை. எங்கள் வாசல் அதற்குள் முடிந்துவிட்டது. அவள் டம்ளரில் இன்னும் பாதி இருந்தது. பக்கத்தில் வீடு கட்டாத காலி மனை ஒன்று உண்டு. அதன் முன்னால் போய், அவள் காபியைக் குடித்து முடிக்கும்வரை கூட்டிக்கொண்டிருந்தேன்.