மணியம் அண்ணனின் கால்

சம்மதம் கேட்காமல் ஒரு மனிதரின் புண் பிடித்த காலை ஊருக்கே படம் போட்டுக் காட்டினேன். பிறகு, அது அவருடைய கால் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே பொய் சொன்னேன்!

என்னை நல்லவள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மலேசியாவில், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இனிப்பு நீர் என்னும் நீரிழிவு நோயைப் பற்றிப் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போன சுகாதாரக் கல்வி அதிகாரி நான். நான் தாதி இல்லை. ஆனாலும் தோட்டத்தில் எல்லாருக்கும் நான் 'மிஸ்ஸி'தான்.

எங்கள் படிப்பில் ஒரு கோட்பாடு உண்டு. ஆபத்து தனக்கும் வரும் என்று நம்பினால்தான் மனிதன் பழக்கத்தை மாற்றிக்கொள்வான். கூடவே, தன்னால் மாற முடியும் என்ற தைரியத்தையும் அவனுக்குக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவதை நான் வசதியாக விட்டுவிட்டேன். பயம் சீக்கிரம் வேலை செய்யுமல்லவா...

முதல் கூட்டத்தில் பாடநூலில் இருந்த, நீரிழிவால் புண் பிடித்த ஒரு காலின் படத்தைக் காட்டினேன். "அது வெள்ளக்காரன் காலு லா மிஸ்ஸி, நம்ம ஒடம்பு வேற!" என்றாள் ஒருத்தி. கோயில் மண்டபமே சிரித்தது. என் கண் முன்னாலேயே சீனி கலந்த டின் பால் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் உடம்பை நினைத்தா? என் கர்வத்தை நினைத்தா? இன்றுவரை தெரியவில்லை.

மணியம் அண்ணன் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தனியாக இருந்தார். செம்பனைக் குலை வெட்டியவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு நடப்பதுதான் அவருக்குத் திருவிழா. "என்னா தங்கச்சி, இலைய நக்கிட்டியா? இன்னும் ஊத்தவா?" என்று ஆளுக்கு ஆள் கிண்டலடிப்பார். அவரோடு மனிதர்கள் பேசியதெல்லாம் அந்தப் பந்தியில்தான்.

கிளினிக்கில் தாதி அவர் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது, டாக்டருக்குக் காட்டுவதாகச் சொல்லிப் படமெடுத்தேன். "எடுத்துக்கோங்க மிஸ்ஸி" என்று காலை நீட்டினார். என்னை நம்பி நீட்டினார்!

அடுத்த கூட்டத்தில் அந்தக் கால் திரையில் பெரிதாக விழுந்தது. முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனால் என்றோ கத்தி பட்டு வளைந்த சுண்டுவிரலைத் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? "ஐயோ, நம்ம மணியம்!" என்றது ஒரு குரல். பின்வரிசையில் அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பார்த்தேன்... பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

மறுவாரமே இரத்தப் பரிசோதனைக்கு வரிசை நின்றது. அலுவலகத்தில் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கோயில் திருவிழா வந்தது. அண்ணன் வாளியோடு பந்தியில் இறங்கினார். முதல் இலைக்காரர் சோற்றைக் கையால் மறைத்தார். "போதும் லா அண்ணே." ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை, அதற்குள் போதுமாம்! அடுத்த இலையும் அப்படியே. ஒரு தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சீனியை விட்டு விலகினார்களோ இல்லையோ, அவரை விட்டு விலகினார்கள். அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தவள் நான்.

வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மிஸ்ஸி, அந்தப் படத்துல இருந்தது என் காலுதானே?"

"இல்லண்ணே, இன்டர்நெட்ல எடுத்தது."

"என் காலு எனக்குத் தெரியாதாம்மா?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருக்கக் கூடாதா அந்த மனிதர்!

அதன்பின் அவர் கட்டு மாற்ற வரவே இல்லை. நானும் தேடிப் போகவில்லை. ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனபோது புண் முற்றியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எப்படியும் எடுத்திருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். நீங்கள் நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கை இல்லை.

இந்த வருடத் திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். "மிஸ்ஸியாலதான் நம்ம தோட்டம் பொழச்சிச்சி" என்றார் கோயில் தலைவர். சாம்பார் வாளி வேறு யார் கையிலோ இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து அண்ணனின் லயத்துக்கு நடந்தேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

மறுபடியும் தட்டினேன்.

"யாரும்மா அது? இருங்க, இருங்க... வந்துட்டேன்!"

அந்தக் குரலில் எத்தனை சந்தோஷம்! ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கதவை நோக்கி மெதுவாக வந்தது.

நான் ஓடிவிட்டேன். அவர் கதவைத் திறந்திருப்பார். வாசலில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.