வெளுத்த மூக்கு கோன்கள்

நூல் கோனுக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்திருக்கிறீர்களா? பஞ்சும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும்... எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான்.

கோன் என்றால் கெட்டி அட்டையில் செய்த கூம்பு. மில்லில் அதன் மேல்தான் நூலைச் சுற்றுவார்கள். தறிக்காரர்கள் நூலை ஓட்டி முடித்ததும் வெறும் கோன்கள் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா அவற்றில் ஒட்டியிருக்கும் மிச்ச நூலை உருவி, துடைத்து, நிறம் பிரித்து அடுக்கித் தருவார். பிறகு மூட்டை ராஜபாளையத்தில் ஒரு சின்ன மில்லுக்குப் போகும். மறுபடி நூல், மறுபடி தறி, மறுபடி எங்கள் வீடு.

உருவிய நூல்கூட வீணாகாது. மெஷின் துடைக்க லாரி செட்டுக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

ஒவ்வொரு கோனின் மூக்கிலும், அதாவது அதன் குறுகிய முனையில், ஒரு நிறம் இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு... எனக்கு ஏன் என்று தெரிந்தாக வேண்டும்.

"பச்சை பச்சையோட, நீலம் நீலத்தோட. அம்புட்டுதான் எனக்குத் தெரியும். போயி படி" என்பார் அம்மா.

நிறம் வெளுத்த கோன்களை மில்லில் எடுக்க மாட்டார்கள். அவை மட்டும் அடுப்புக்குப் போகும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நசுங்கவில்லை, கிழியவில்லை, மூக்கு வெளுத்ததற்காக எரிப்பதா? அப்போது நான் ஏழாம் வகுப்பு. 'பொருள்களை வீணாக்கலாகாது' என்று கட்டுரை எழுதி 'மிக நன்று' வாங்கியிருந்த வாரம் வேறு.

அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது, டிராயிங் கிளாஸ் வாட்டர் கலர் டப்பாவை எடுத்து உட்கார்ந்தேன். வெளுத்த மூக்குகளுக்கெல்லாம் அழகாக நீலம் தீட்டினேன். காய்ந்ததும், கட்டி வைத்திருந்த நீல அடுக்குகளுக்கு நடுவே செருகிவிட்டேன். நோட்டில் எழுதியும் வைத்தேன்: 'காப்பாற்றியவை – 28'.

மூட்டை போனது.

அடுத்த சனிக்கிழமை, மூட்டை எடுக்க வருகிறவர் வாசலில் நின்றே சொன்னார். "கோனுல ஏதோ கோளாறாம். மில்லு மேஸ்திரி ஒன்னைய நேர்ல வரச் சொன்னாவ."

அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. அப்பா வேலை தேடி வெளியூர் போயிருந்த வருஷம் அது. எங்களுக்கு அந்த மூட்டைதான் சோறு. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நானும் வருவேன் என்று பஸ் ஏறினேன். ராஜபாளையம் வரும் வரை மேற்கே மலையைப் பார்த்தபடியே வந்தேன்.

மேஸ்திரி ஒரு கோனை எங்கள் முன் வைத்தார். வெள்ளை நூலின் அடியில் நீலக் கறை.

"ஏம்மா, முறுக்கு நிக்கணும்னு நூலை ஆவியில வைக்கோம். வெளிய எடுத்தா உள்ளுக்குள்ள நீலம் ஓடிக் கெடக்கு. அஞ்சு கோனு நூலு போச்சு."

"நான் ஒண்ணும் செய்யலையே அண்ணாச்சி. எப்பவும் போல தொடைச்சுத்தான் குடுத்தேன்."

"அப்ப கோனு தானா பவுடர் பூசிக்கிடுச்சாக்கும்? எதுல கலர் ஓடும், எதுல ஓடாதுன்னு யாரு கண்டா? நீ அனுப்பினது அம்புட்டையும் திருப்பி எடுத்துட்டுப் போ. இனிமே மூட்டை வராது."

அம்மா பொய் சொல்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நான்தான் கலர் அடிச்சேன். மொத்தம் இருபத்தெட்டு."

"ஏட்டி!" அம்மா கையை ஓங்கினார். அதற்குள் நான் நோட்டைத் திறந்து நீட்டிவிட்டேன். பிறகு விரலை நாக்கில் தொட்டு ஒரு கோனின் மூக்கில் தேய்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது. இன்னொன்று... சுத்தம். மூன்றாவதில் விரல் நீலமானது.

"என்னோடது மட்டும்தான் ஒட்டும்" என்றேன்.

மேஸ்திரி ஒரு ஈரத்துணியை எடுத்துப் போட்டார். அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தோம். ஆவியில் போனது ஐந்து. நாங்கள் பிரித்தெடுத்தது இருபத்திரண்டு. கூட்டினால் இருபத்தேழு.

"இன்னொண்ணு எங்கட்டி?" என்றார் அம்மா. மறுபடி எல்லாவற்றையும் துடைத்தோம். இல்லை.

அப்போதுதான் மேஸ்திரியின் மேஜையைப் பார்த்தேன். பென்சில்கள் செருகிய ஒரு கோன், பளிச்சென்ற நீல மூக்குடன் சாய்ந்து கிடந்தது. போய் விரலை வைத்தேன். ஒட்டியது.

மேஸ்திரி மீசையைத் தடவினார். "பாக்க நல்லா இருக்கேன்னு எடுத்து வச்சேன்..."

அங்கே வேலை செய்த அக்காமார் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே கேட்கவில்லை. அம்மாவும் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி, மூட்டை வரும். இந்தப் பிள்ளை கையில கலரை மட்டும் குடுத்துராத தாயி."

நானா சும்மா வருவேன்? "நிறம் எதுக்கு?" என்று கேட்டேன். நூலின் நம்பருக்கு, மெல்லிசா தடிமனா என்று தெரிய, என்றார். "அப்ப வெளுத்ததுக்கு ஓடாத கலரா நீங்களே அடிக்கலாம்லா? எதுக்கு எரிக்கணும்?"

அவர் நாங்கள் துடைத்த கோன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த மூட்டைக்குள் துணியில் சுற்றி ஒரு சின்ன டின் இருந்தது. மில்லின் மை, ஈரத்தில் ஓடாதது. பிறகு எங்கள் அடுப்புக்கு வெளுத்த கோன் போகவே இல்லை.

இப்போது எங்கள் அடுக்குமாடியில் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வைத்திருக்கிறார்கள். எது எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். கடையில் எதை எடுத்தாலும் பச்சை இலை அச்சடித்து, 'இயற்கைக்கு உகந்தது' என்று போட்டிருக்கிறது.

அந்த இலையைப் பார்த்ததும் என் விரல் தானாக நாக்குக்குப் போகிறது... தேய்த்துப் பார்க்க.