மச்சான் இருந்த கதிரை: பேர்லின் ஒலிம்பியா மைதானம்

2007 ஜூலையில் நான் பேர்லின் போனதற்குக் காரணம் வரலாற்று ஆர்வம் என்று எழுதலாம். எழுதினால் என் மனைவி சிரிப்பாள். காரணம் பொறாமை. போன வருட உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு நானும் ரிக்கெற் கேட்டு விண்ணப்பித்தேன், அவளுடைய தம்பி சுகந்தனும் விண்ணப்பித்தான். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு இடது பக்கம் ஓடி விளையாடியவன் நான். அவனுக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்றே தெரியாது. குலுக்கலில் விழுந்தது அவனுக்கு. அதுவும் ஜேர்மனியும் ஆர்ஜென்டீனாவும் மோதிய கால் இறுதி! பெயர் போட்ட ரிக்கெற், ஆள் மாறிப் போக முடியாது. ஆட்டத்துக்கு முதல் நாள் ஓஃப்சைட் விளக்கம் கேட்டு எனக்கே ரெலிபோன் எடுத்தான். வயிறு எரிய எரியச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த ரிக்கெற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து இருக்கை இலக்கம் எனக்குப் பாடமாகிவிட்டது. "உந்த எரிச்சலை அங்கையே கொண்டுபோய்க் கொட்டிப்போட்டு வாங்கோ," என்று மனைவிதான் ரயிலுக்குப் பதிவு செய்தாள்.

நாங்கள் இருக்கும் வுப்பர்டாலிலிருந்து பேர்லினுக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பிரதான நிலையத்திலிருந்து எஸ்-பான் நகர ரயிலில் அரை மணிக்குள் மைதானத்து நிலையம், பிறகு பத்து நிமிட நடை. உள்ளே போக நான் கொடுத்தது நான்கு யூரோ.

வெளியே நின்று பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும். ஏமாறாதீர்கள், பாதி மைதானம் நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. கீழே ஆழத்தில் பச்சைத் தரை, சுற்றிவர நீல ஓட்டப்பாதை. நாஜிகள் 1936 ஒலிம்பிக்கில் உலகத்துக்குப் படம் காட்டக் கட்டியது. போருக்குப் பிறகு பக்கத்து வளாகத்தில் பிரித்தானிய இராணுவம் பல வருடம் குடியிருந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்து ஜேர்மன் கிண்ண இறுதியாட்டம் வருடாவருடம் இங்கேதான். நான் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பேர்லின் அகதி முகாமில் கிடந்த காலம் அது. கொடி பிடித்துக்கொண்டு ஆட்டத்துக்குப் போகிறவர்களை ஜன்னலால் பார்த்ததோடு சரி. இப்போதுள்ள கூரை உலகக் கிண்ணத்துக்காகப் போட்டது.

மேல் அடுக்கில் மச்சானின் கதிரையைத் தேடிப்பிடித்து இருந்தேன். கூரையைத் தாங்கும் தூண் ஒன்று நேர் முன்னால் நின்றது! அந்த ஆட்டம் பெனால்டியில் முடிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெனால்டி அடித்த கோல் கம்பம் தூணுக்குப் பின்னால். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்தும் பார்த்தேன். ம்ஹூம். ஒரு வருடமாக எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இருந்த இடத்திலிருந்தே அவனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"டேய், உன்ர கதிரையில இருக்கிறன். பெனால்டி ஒண்டாவது கண்டனியே?"

"இல்லை அத்தான், தூண் மறைச்சுப்போட்டுது. சனத்தின்ர சத்தத்தை வைச்சுத்தான் என்ன நடந்தது எண்டு பிடிச்சன்."

"நான் வீட்டிலயிருந்து வடிவாப் பாத்தனான்," என்றேன். விடுவேனா?

"ஓம் அத்தான். ஆனா வெண்ட உடன, பக்கத்தில நிண்ட ஜேர்மன் கிழவர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவர். நாங்கள் வெண்டிட்டம், நாங்கள் வெண்டிட்டம் எண்டு ஒரே அழுகை. எனக்கும் அழுகை வந்திட்டுது."

"உதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"அந்த மட்ச்சைப் பற்றித் தொடங்கினாலே நீங்கள் எழும்பிப் போயிடுவியள் அத்தான்."

கொட்டிவிட்டு வரப் போன எரிச்சலை இரட்டிப்பாகத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஆட்ட நாட்களில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள், முன்பே விசாரியுங்கள். ஆட்டமே பார்ப்பதென்றால், மேல் அடுக்கில் தூண் எங்கே நிற்கிறது என்று கேட்டு வாங்குங்கள் என்றுதான் எழுத இருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன். கடவுச்சீட்டும் இந்த நாட்டினுடையதுதான். என்னை ஒருவரும் கட்டிப்பிடித்து 'நாங்கள்' என்று சொன்னதில்லை. தூணுக்குப் பின்னால் கிடைத்தாலும் வாங்குங்கள்.