மெதுவாக ஓடிய எலிகள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. நான் அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் தோட்டத்தில் எலித் தொல்லை. குலை பழுப்பதற்குள் கடித்துத் தீர்த்துவிடும். எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கப் போகிறோம் என்று நிர்வாகம் அங்கங்கே உயரமான கம்பங்களை நட்டு, மேலே மரப்பெட்டி வைத்தது. ஒன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலேயே. கேட்க வேண்டுமா! பிள்ளைத்தாய்ச்சி வீட்டருகே ஆந்தை அலறினால் பிள்ளை தங்காது என்று லயமே பேசியது. நானும் பயந்துபோய், பெட்டியைக் கழற்றச் சொல்லி, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் கேட்டேன்.

"தொர வச்சதும்மா, நான் கை வைக்க முடியாதுலா" என்று அவர் கைவிரித்துவிட்டார்.

ஏணி வைத்து ஏறிப் பெட்டிகளைப் பார்க்கும் வேலை என் கணவருக்கு வந்தது. ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தார். "நாலு குஞ்சு இருக்கு புள்ள. ஒவ்வொண்ணு மூஞ்சியும் கெழவன் மாதிரி!"

அந்தி சாய்ந்ததும் ஆண் ஆந்தை எலியோடு வரும். குஞ்சுகள் சீறும். தாய் அதை வாங்கிக் கிழித்து ஊட்டுமாம். நான் பின்வாசலில் நின்று பார்ப்பேன். பயம் எப்போது போனதென்றே தெரியவில்லை. எலி கிடைக்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது. அதுகள் பிழைத்தால் என் பிள்ளையும் பிழைக்கும் என்று மனசு தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டது.

எலி குறைந்தது போதவில்லையோ என்னவோ, மரத்தடிக்கு மரத்தடி எலி மருந்துக் கட்டி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆந்தைக்கு ஒன்றும் ஆகாதா என்று என் கணவர் மண்டோரிடம் கேட்டார்.

"ஆந்த எங்கய்யா மருந்து திங்கப் போவுது? எலிதான்லா திங்கும்."

சரிதானே என்று எங்களுக்கும் பட்டது.

அந்த மருந்து உடனே கொல்லாது. எலிகள் சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு அகப்பட்டவை அவைதான். வெகுநேரம் காத்திருந்து ஒன்றைப் பிடிக்கும் பறவை, போன வேகத்தில் திரும்பித் திரும்பி வந்தது. நல்ல வேட்டை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பிறகு ஒரு காலையில் தாய் ஆந்தை கம்பத்தடியில் விழுந்து கிடந்தது. அலகில் இரத்தம். மேலே ஏறிய என் கணவர் வெகுநேரம் இறங்கவில்லை.

"குஞ்சு ஒண்ணுகூட உயிரோட இல்லீங்களா?" என்று கீழிருந்து கேட்டேன்.

"இல்ல புள்ள. நீ உள்ள போ."

பீடை ஒழிந்தது என்றார்கள் லயத்தில். நான் வாய்விட்டு அழுதேன். வயிற்றுப் பிள்ளைக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் தேற்றினார்கள்.

அன்று அந்தியிலும் ஆண் ஆந்தை ஓர் எலியோடு வந்தது. வாங்க ஆளில்லாமல் பெட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. சில நாளில் அதையும் காணவில்லை.

எனக்குக் குறையில்லாமல் பெண் பிறந்தாள். அந்தத் தகப்பன் ஆந்தை தன் குஞ்சுகளுக்கு வஞ்சகம் செய்யவில்லை, கிடைத்ததை ஆசையோடுதான் கொண்டுவந்து கொடுத்தது. மகளுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று அது நினைவுக்கு வந்து, முதல் கவளத்தை நானே தின்று பார்த்தேன். சுலபமாகக் கிடைத்த ஒன்றைப் பிள்ளைகளிடம் நீட்டுமுன், இது எப்படி வந்தது என்று இன்றும் ஒருமுறை யோசித்துக்கொள்கிறேன்.