கிரகணத்தன்று அரிந்த வாழைக்காய்

என் இடது கையில் கட்டைவிரல் கிடையாது. முன்கையும் நாலு விரற்கடை குட்டை. களக்காட்டில் எங்கள் தெருவில் காரணம் கேட்டால் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும்: நான் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று அம்மா வாழைக்காய் அரிந்துவிட்டாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, இதைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொன்னாள், புண்ணியவதி. அப்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொண்டு காபி ஆற்றுவாள். அத்தையைவிட அந்தக் குனிந்த தலைமேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

போன வருஷம் நான் உண்டானேன். ஸ்கேன் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போனபோது டாக்டரம்மா என் கையைத்தான் முதலில் பார்த்தார். வழக்கம்போல வாழைக்காய்க் கதையைத் தொடங்கினேன்.

"அது கிடக்கட்டும். உங்க அம்மாவுக்கு வலிப்பு உண்டுமா? அதுக்கு மாத்திரை சாப்பிட்டாங்களா?"

இல்லை என்றேன். சில வலிப்பு மாத்திரைகளால் வயிற்றுப் பிள்ளைக்குக் கை இப்படி ஆவதுண்டு, பார்த்ததும் தோன்றியது என்றார். அதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்தினாலும் தாய்க்கு ஆபத்து, முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள் என்றும் சொன்னார். ஸ்கேனில் என் பிள்ளைக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன.

திரும்பும் பஸ்ஸில்தான் கடுகு டப்பா ஞாபகம் வந்தது. அதற்குள் அம்மா ஒரு மாத்திரை அட்டை வைத்திருப்பாள். அடுப்படியில் நின்றபடியே தினமும் விழுங்குவாள். கேட்டால் சத்து மாத்திரை என்பாள். நானும் அப்பாவும் நம்பியிருந்தோம்.

நேரே அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"பத்து வயசுலேருந்து எனக்கு வலிப்பு உண்டு. எங்க வீட்டுல மறைச்சுத்தான் கட்டிக் குடுத்தாவ. ஆஸ்பத்திரியில கேக்கும்போதெல்லாம் ஒங்க அத்தை பக்கத்துலயே நிப்பாவ. நான் என்னன்னு சொல்ல?"

"அப்ப வாழைக்காய்?"

"ஒன் கையப் பாத்ததும், கிரகணத்துல நீ என்னத்தட்டி அரிஞ்சேன்னு ஒங்க அத்தை கேட்டாவ. வாழைக்காய்னு சொல்லிட்டேன். அன்னைக்கு நான் கட்டிலை விட்டே எறங்கல."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒன் தப்பு இல்லம்மா" என்றேன்.

"டாக்டர்ட்ட சொல்லியிருந்தா மாத்தித் தந்திருப்பாவல்லா?" என்றாள்.

வளைகாப்பு முடிந்து நான் அம்மா வீட்டில் இருந்தபோது சூரிய கிரகணம் வந்தது. அத்தை காலையிலேயே வந்து ஜன்னல்களைச் சாத்தினாள். அரிவாள்மனையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "ஏட்டி, ஒங்கம்மைய மாதிரி எதையாவது அரிஞ்சு வைக்காத" என்றாள்.

கிரகணம் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் விடும்வரை யாரும் வாசல் தாண்டமாட்டார்கள், யார் வாயிலும் பச்சைத் தண்ணீர் படாது. அந்த நேரத்தில் அம்மா கடுகு டப்பாவும் ஒரு தம்ளர் தண்ணீருமாகக் கூடத்துக்கு வந்து அத்தையின் முன் நின்றாள்.

"மைனி, அன்னைக்கு நான் ஒண்ணும் அரியல. எனக்கு வலிப்பு உண்டு. இந்த மாத்திரையாலதான் பிள்ளைக்குக் கை இப்படி ஆச்சு" என்றாள். எல்லோரும் பார்க்க மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

அப்பா எழுந்து டப்பாவை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டுதான் கெடக்கு. மருந்துச் சீட்டைக் குடு, நான் வாங்கிட்டு வாரேன்."

கிரகணம் இன்னும் விடவில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.